யாரும் கேட்டு வராத பெட்டி

எர்மிலோ எவானை மண்ணிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய நாள் போன செவ்வாய்க்கிழமை வந்தது. புதைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. எங்கள் சக்பொல் ஊரில் அதற்கு மேல் யாரையும் மண்ணுக்குள் விட்டுவைப்பதில்லை. எடுத்து, கழுவி, வெயிலில் உலர்த்தி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, கல்லறைச் சுவரில் அவரவர் மாடத்தில் வைத்துவிடுவோம். மூடியைக் கொஞ்சம் திறந்தே வைப்போம், உள்ளே இருப்பவருக்கும் காற்று வேண்டுமே. வருஷா வருஷம் ஆன்மாக்கள் வீட்டுக்கு வரும் நாட்களுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் வந்து எலும்புகளைத் துடைத்து, அடியில் விரித்த துணியை மாற்றிவிட்டுப் போவார்கள். அழுக்குத் துணியோடு யாராவது விருந்துக்கு வருவார்களா?

எர்மிலோவுக்குச் சொந்தக்காரர்கள் என்று யாரும் இல்லை. அதனால் அவனை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு எழுபத்தெட்டு வயது. என்னை வேலையிலிருந்து நிறுத்த நகராட்சி மறந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது.

நான் லாசரோ. பைபிளில் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவரின் பெயரைக் கல்லறைக் காவலனுக்கு வைத்திருக்கிறார்களே என்று நாற்பத்தொரு வருஷமாக இதே நகைச்சுவையைச் சொல்லிச் சிரிக்கிற ஊர் இது. வேறு நகைச்சுவைக்கு இங்கே வழியில்லை. ஆயிரத்து எண்ணூறு பேர், ஒரு படகுத்துறை, இளஞ்சிவப்பாய்த் தண்ணீர் நிற்கும் உப்புப் பாத்திகள், பதினொன்று இருபதில் நின்றுபோன கடிகாரத்தோடு ஒரு நகராட்சி அலுவலகம். தலைவரின் பதவிக்காலமும் மூன்று வருஷம்தான். பிணங்களை எப்படி எடுக்கிறோமோ அப்படியே அவர்களையும் எடுத்துவிட்டு அடுத்தவரை வைப்போம். கடிகாரத்தை ஓடவைக்கிறேன் என்று சொல்லித்தான் எல்லோரும் ஜெயிக்கிறார்கள்.

உள்நாட்டில் கற்றாழை நார்த் தோட்டங்கள் படுத்துப்போன காலத்தில் எர்மிலோ இங்கே வந்து சேர்ந்தான். வேலை போன எத்தனையோ பேர் அப்போது கடலைத் தேடி வந்தார்கள். மற்றவர்கள் படகில் ஏறிக் கணவாய் மீன் பிடிக்கப் போனார்கள், இவன் உப்புக்குப் போனான். முழங்கால் வரை உப்புத்தண்ணீரில் நின்று, பலகையால் உப்பை வாரிக் குவிக்கிற வேலை. படகில் குறைந்தது இரண்டு பேராவது இருப்பார்கள். உப்புப் பாத்தியில் ஒருவன் நாள் முழுக்கத் தனியாக நிற்கலாம்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். தோட்டத்துச் சமையலறையில் எல்லோர் கையாலும் சாப்பிட்டு வளர்ந்தான். எவான் என்ற குடும்பப் பெயர்கூடத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை போட்டது. பெற்றவர்களைப் புதைத்த இடத்தை யாரோ விலைக்கு வாங்கி உழுதுவிட்டார்கள். உயிரோடு சொந்தம் இல்லாதவர்கள் எங்கள் ஊரில் சிலர் உண்டு. செத்துப்போன சொந்தமும் இல்லாதவன் எர்மிலோ ஒருவன்தான்.

நவம்பர் பிறந்தால் ஊர் முழுக்கப் புகை. கோழியும் மக்காச்சோள மாவும் சேர்த்து மண்ணுக்குள் புதைத்துச் சுடும் பெரிய அப்பத்தின் வாசனை தெருவுக்குத் தெரு அடிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் மேஜையில் படையல் வைத்து, போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட ஆள் இல்லாத ஆன்மாக்களுக்காக வாசலில் ஒரு சுரைக் குடுக்கையில் தனியாகக் கொஞ்சம் கட்டித் தொங்கவிடுவார்கள். எர்மிலோவையும் யாராவது சாப்பிடக் கூப்பிடத்தான் செய்தார்கள். போய் உட்காருவான். பெயர் சொல்லும் நேரம் வந்தால் எழுந்து வாசலுக்கு வந்து, அந்தக் குடுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வான்.

ஒரு வருஷம் கை நிறையப் பூ வாங்கிக்கொண்டு கல்லறை வாசலில் நெடுநேரம் நின்றான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் என்னிடம் நீட்டினான்.

“வச்சுக்கோ அண்ணே. யாருக்காவது போடு.”

என் அப்பாவுக்குப் போட்டேன். அவர் உயிரோடு இருந்தவரை பூவே பிடிக்காது.

இரண்டாயிரத்து இரண்டு செப்டம்பரில் புயல் வந்தது. எங்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றி உள்நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் அடைத்தார்கள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தால் தேவாலயப் படியில் இரண்டு படகுகள் உட்கார்ந்திருந்தன. கல்லறைச் சுவரில் பாதியைக் காணோம். எங்கள் செத்தவர்கள் பெட்டியோடு மிதந்து போய் அலையாத்திக் காட்டில் சிக்கியிருந்தார்கள். நான்கு நாள் இடுப்பளவு சேற்றில் நடந்து நாற்பத்து மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து நகராட்சிக்கு எதிரே பந்து விளையாடும் திடலில் வரிசையாக வைத்தேன். பெட்டிமேல் எழுதிய பெயர்களைத் தண்ணீர் தின்றுவிட்டது.

ஊரே வந்தது. ஒருத்தி தங்கப் பல்லைப் பார்த்துக் கணவனைக் கண்டுபிடித்தாள். இன்னொருவர் ஜடையைப் பார்த்து அக்காவை அடையாளம் சொன்னார். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு மண்டையோட்டை வைத்துக்கொண்டு இதுதான் அப்பா, இல்லை, இதுதான் அப்பா என்று அடித்துக்கொள்ளப் போனார்கள். கடைசியில் ஒரு பெட்டி மிஞ்சியது. பதிவேட்டை வைத்து எண்ணிப் பார்த்தால் நான்கு பேரைக் காணவில்லை. மூன்று குடும்பங்கள் வந்து மிஞ்சிய பெட்டியைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆள் இல்லை என்று அழுதுகொண்டே போய்விட்டன. நான்காவது ஆள் பார்தோலா. அவளுக்கு ஒரே மகள். அந்த மகள் காகிதம் எதுவும் இல்லாமல் எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போயிருந்தாள், கேட்க ஆள் இல்லை. பார்தோலாவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று நானே சொன்னேன். பாதிரியார் கரையில் நின்று ஜெபம் செய்தார். மிஞ்சிய பெட்டி பின்வரிசையில் கிடந்த ஏதோ பழைய அநாதையாக இருக்கும் என்று நினைத்தேன். நான்கு நாள் தூக்கமில்லாத மூளை அவ்வளவுதான் வேலை செய்யும்.

பொதுக்குழியில் போடச் சொன்னார்கள். தூக்கப் போனேன். எர்மிலோ அந்த நான்கு நாளும் திடலின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவன், அப்போதுதான் கிட்டே வந்தான்.

“அண்ணே, இவங்கள நான் எடுத்துக்கட்டுமா?”

“இது என்ன கோழிக்குஞ்சா, எடுத்துக்கிறதுக்கு?”

“யாரும் கேட்டு வரலைல்ல?”

“வரல.”

“என்னையும்தான் யாரும் கேட்டு வரல. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கிறோம்.”

என்ன சொல்ல முடியும்? மூன்றாவது வரிசையில் ஒரு காலி மாடத்தைக் காட்டினேன். மறுநாளே அதற்கு மஞ்சள் வண்ணம் அடித்துவிட்டான். எலும்பைப் பார்த்துப் பெண் என்று நான்தான் சொன்னேன். தோட்டத்துச் சமையலறையில் இவனுக்கு ஒரு அடை கூடுதலாகப் போட்ட சமையல்காரியின் நினைவாகப் பெலிபா என்று பெயர் வைத்தான். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் அந்தப் பெயரையும் இரண்டு பறவைகளையும் தைக்கச் சொல்லி வாங்கி வந்தான்.

மற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். இவன் ஞாயிறு தவறாமல் வந்தான். குட்டி முக்காலியைப் போட்டு மாடத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசுவான். இந்த வருஷம் உப்பு கறுத்துவிட்டது, வடகாற்று சீக்கிரம் வந்துவிட்டது, புதுத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்க ஏணி கொண்டுவந்தார், ஏணி உடைந்துவிட்டது. அக்டோபர் கடைசியில் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய தூரிகையால் துடைப்பான். “கொஞ்சம் பொறுத்துக்கோங்க, முதுகுதான் பாக்கி” என்பான். ஊர் அவனை விட்டுவைக்குமா?

“என்ன எர்மிலோ, மாமியார் என்ன சொல்றாங்க?”

“உன்ன மாதிரி வெட்டிப் பேச்சு பேச மாட்டேங்குறாங்க.”

நானும் ஒருநாள் கேட்டேன். “அவங்க உனக்கு அம்மாவா, பொண்டாட்டியா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைடா.”

“அத இன்னும் முடிவு பண்ணல அண்ணே. அவசரம் என்ன இருக்கு?”

புயலுக்கு அப்புறம் இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் ஊஞ்சல் வலையில் படுத்திருந்தபோது எனக்கு உறைத்தது. காணாமல் போனவர்கள் நான்கு. மூன்று பேர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது ஒன்று. சின்னப் பிள்ளைகூடப் போடுகிற கணக்கு. எழுந்து போய் எர்மிலோ துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் இடது முன்கை எலும்பு ஒன்று கோணலாக இருந்தது. பார்தோலா அடை தட்டும்போது இடது கை வெளிப்பக்கமாகப் போவதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எர்மிலோ பார்த்ததில்லை, அவன் உப்பை விட்டு ஊருக்குள் வந்தால்தானே? சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவன் அந்தக் கோணல் எலும்பைத் துணியில் சுற்றி, குளிரில் இருக்கும் குழந்தையைப் போல மார்போடு பிடித்திருந்தான். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். இதற்கு எனக்குப் பாவம் உண்டு, மறைக்கப் போவதில்லை.

ஒன்பதாவது வருஷம், அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி காலையில், பார்தோலாவின் மகள் மிர்னா கல்லறை வாசலில் வந்து நின்றாள். வடக்கிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இப்போது கிழக்குக் கடற்கரையில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறாளாம். மூன்று நாள் லீவு. எங்கள் பக்கத்து மரியாதைப்படி ‘தோன்’ சேர்த்துத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

“தோன் லாசரோ, அம்மாவக் கடல் கொண்டுபோயிடுச்சுன்னு சொன்னாங்க. ஒரு பெட்டி மட்டும் மிஞ்சிச்சுன்னும் சொன்னாங்க. அது எங்க?”

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கையை நீட்டி மூன்றாவது வரிசையைக் காட்டினேன். “எர்மிலோ வச்சிருக்கான். அவனக் கேளு.” கோழை என்றால் அகராதியில் என் படத்தைப் போடலாம்.

அவன் துடைத்து முடித்திருந்தான். பெட்டிமேல் புதுத் துணி போர்த்தியிருந்தது. எங்கள் ஊரில் அடுத்தவரின் செத்தவர்கள்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். போர்த்திய துணியைத் தூக்கிப் பார்ப்பது, குளிக்கும் பெண்ணின் கதவைத் திறப்பதற்குச் சமம். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அவன் சொல்வதுதான் சாட்சி.

“தோன் எர்மிலோ, ஒரே ஒரு விஷயம் கேக்கணும்” என்றாள் மிர்னா. “எங்கம்மா சின்ன வயசுல உப்பு வண்டிலேர்ந்து விழுந்துட்டாங்க. இடது கை ஒடிஞ்சு கோணலாச் சேந்துடுச்சு. இவங்க கை அப்படி இருக்கா?”

எர்மிலோ என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“இல்லம்மா” என்றான். “இவங்க கை நேரா இருக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள். துணியில் இருந்த பறவைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உங்க ஆளை நல்லா வச்சிருக்கீங்க ஐயா. எங்கம்மாவுக்கு இப்படி ஒரு துணி போட எனக்குக் குடுத்துவைக்கல.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் எர்மிலோ என் வீட்டுக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் அழைக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே வரவில்லை. முற்றத்துப் புளிப்பு ஆரஞ்சு மரத்தடியில் நின்றான்.

“அண்ணே, அவங்க என்கூடப் பேச மாட்டேங்குறாங்க.”

“எப்படா பேசினாங்க?”

“எப்பவும் பேசமாட்டாங்கதான். ஆனா இன்னைக்குப் பேசாம இருக்குறது வேற மாதிரி இருக்கு.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினான். “அந்தப் பொண்ணு வீட்டு வழியா வந்தேன். வாசல்ல குடுக்கை கட்டியிருக்கா. உள்ள படையல் இல்ல. அம்மாவுக்கு வச்ச அத்தனையும் குடுக்கைல கெடக்கு, அப்பம், மிளகாப்பொடி போட்ட ஆரஞ்சு, எல்லாம். தெருவுல போற அநாதைக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கா. ஆள் இருக்குற பொம்பளைய நான் அநாதையாக்கிட்டேன் அண்ணே.”

அப்போதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “எனக்கு ஏழு வருஷமாத் தெரியும்டா.”

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகச் சிரித்தான்.

“ஏழு வருஷமாவா? பரவால்ல. அப்ப நான் மட்டும் திருடன் இல்ல.”

“குடுத்துடாத. அவளே ஊரைவிட்டுப் போறவ, எங்க கொண்டுபோய் வைப்பா? சும்மா இரு.” இதையும் சொன்னேன். நல்லது நினைத்துத்தான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டான். என் மனைவி கொடுத்த அப்பத்தை வாங்கிக்கொண்டான், ஆனால் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு மிர்னா நின்றுகொண்டிருந்தாள். எர்மிலோ மூன்று சக்கர வண்டியில் வந்தான். முன்பலகையில் பெட்டி, அது குலுங்காமல் இருக்கக் கீழே தன் போர்வையை மடித்துப் போட்டிருந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். எதற்கென்று கேட்டால் தெரியாது.

“கோணலாத்தான் இருக்கு” என்றான் எடுத்தவுடனே. “இடது கை. பொய் சொல்லிட்டேன்.”

அவள் துணியை விலக்கினாள். மேலேயே அந்த எலும்பு இருந்தது. இரண்டு கையாலும் எடுத்து, ஒடிந்து சேர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“ஏன் ஐயா பொய் சொன்னீங்க?”

“எனக்கு வேற யாருமே இல்லம்மா.”

அவளுக்குத் திட்டத்தான் வந்தது, முகத்தைப் பார்த்தேன். திட்டவில்லை. துணியின் மடிப்புக்குள் தைத்திருந்த பெயர் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

“பெலிபாவா? எங்கம்மாவப் பெலிபான்னா கூப்பிட்டீங்க?” அழுகைக்கு நடுவில் சிரிப்பு பீறிட்டது. “பக்கத்து வீட்டுக்காரி பேரு அது! ஒரு வான்கோழிக்காக இருபது வருஷம் சண்ட போட்டாங்க ரெண்டு பேரும். ஒம்போது வருஷமா அந்தப் பேரு மேலயா படுத்திருந்தாங்க! இதோட கொண்டுபோனா எந்திரிச்சு வந்து என்னை அறைவாங்க.”

எர்மிலோவும் சிரித்தான். நானும் சிரித்தேன். மூன்று பேரும் தெருவில் ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தோம். அவள் பெட்டியிலிருந்து அந்தத் துணியை எடுத்துவிட்டு, தன் சால்வையை விரித்து எலும்புகளை மறுபடி அடுக்கினாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

“கோணக் கையக் கடைசியா, மேலாப்புல வைம்மா. இல்லேன்னா மூடி உக்காராது.”

துணியை மடித்து அவன் கையில் கொடுத்தாள். அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன், அம்மாவையும் கொண்டுவந்து இங்கேயே வைக்கிறேன் என்றாள். பஸ் போய்விட்டது. எர்மிலோ காலி வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தான், ஏறி ஓட்டவில்லை.

அவள் வரவில்லை. குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆன்மாக்கள் வருகிற வாரத்தில்தான் அந்த ஓட்டல்களுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், லீவு கேட்டால் வேலையே போய்விடும். ஒரு படம் மட்டும் என் பேத்தியின் போனுக்கு வந்தது. வாடகை அறையில் குளிர்பெட்டியின் மேலே பெட்டி, பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. எர்மிலோ நீண்ட நேரம் பார்த்தான். “ரொம்ப உயரத்துல வச்சிருக்கா” என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்புறமும் வந்தான். காலி மாடத்தைத் துடைப்பான், மஞ்சள் மங்கினால் மறுபடியும் அடிப்பான். பேசமாட்டான்.

“காலி எடத்த எதுக்குடா தொடைக்கிற?”

“பழக்கம் அண்ணே.”

ஐந்து வருஷம் அப்படியே போனது. ஒரு ஜனவரியில் வடகாற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. படகுகள் போகவில்லை, உப்புக்கும் யாரும் போகவில்லை. நான்காம் நாள் போனவர்கள் உப்புக் குவியலில் சாய்ந்தபடி அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். உயிர் போய் இரண்டு நாளாவது ஆகியிருக்கும். வீட்டில் ஒருத்தர் இருந்திருந்தால் அன்று சாயந்திரமே தேடியிருப்பார்கள். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். ஞாயிறு அன்று அவன் வரவில்லை என்று கவனித்தேன், காற்று அடிக்கிறது, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எடுத்தேன். கடற்கரை மணல் நல்ல மணல், எலும்புகள் சுத்தமாக வந்தன. கழுவும்போது யாரோ பேசுவது கேட்டது. பார்த்தால் நான்தான். “கால நீட்டுடா, கெழவா. இந்த வருஷமும் உப்பு கறுப்புதான். கடிகாரம் ஓடல.” யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அவன் வீட்டில் கிடைத்த பெலிபா துணியைத் துவைத்து வைத்திருந்தேன், அதைத்தான் அவனுக்கு விரித்தேன். அவன் பெயரை யாரும் தைத்துத் தரவில்லை, எனக்கும் நேரத்தோடு சொல்லி வாங்கத் தோன்றவில்லை.

மிர்னாவுக்கு என் பேத்தி செய்தி அனுப்பியிருந்தாள். அந்த மஞ்சள் மாடத்தில் அவன் பெட்டியை வைக்கும்போது போன் அடித்தது. ஓட்டலின் துணி துவைக்கும் அறையிலிருந்து பேசுகிறாள் போல, பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

“தோன் லாசரோ, லீவு தரமாட்டேன்னுட்டாங்க. அவரை எடுத்துட்டீங்களா?”

“எடுத்தாச்சும்மா. இங்கதான் இருக்கான்.”

“போன அவர்கிட்ட வைங்க.”

இந்த வயதில் இதையும் செய்ய வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியின் மூடியைத் தூக்கி, போனைத் தலைப்பக்கம் வைத்தேன். அவள் உரக்கத்தான் பேசினாள், எனக்கும் கேட்டது.

“தோன் எர்மிலோ, நான் மிர்னா. அம்மா நல்லா இருக்காங்க. துணி மாத்திட்டேன். கோணக் கைய நீங்க சொன்ன மாதிரியே கடைசியாத்தான் வைக்கிறேன். போன நவம்பர்ப் படையல்ல ஒங்க பேரையும் சொன்னேன், அம்மா பேருக்கு அடுத்ததா. எர்மிலோ எவான்னு முழுசாச் சொன்னேன். நீங்க வந்தீங்களா?”

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டு அதட்டினார்கள். இரைச்சல் சட்டென்று நின்றது.

நான் போனை எடுத்து, “வந்திருப்பான்மா, வழி விசாரிச்சுப் போயிருப்பான்” என்றேன். எதிர்முனையில் அவள் இல்லை. குட்டி முக்காலி இன்னும் அங்கேதான் கிடந்தது. இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் சொன்னதை அவனுக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.